பங்குவளை

மிருதுளாவைப் பார்க்க வருகிறவர்கள் எதையும் இரண்டாகத்தான் வாங்கி வந்தார்கள். எதிர்வீட்டுக் கோகிலாக்கா அன்று இரண்டு இளநீரைச் சீவி எடுத்து வந்திருந்தாள். ஒன்றை சோபாவில் சாய்ந்திருந்த மிருதுளாவிடம் கொடுத்தாள். இன்னொன்றை, நெற்றியில் ஈரத்துண்டோடு பக்கத்து நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அவள் கணவன் நிகிலனிடம் நீட்டினாள்.

“எந்திரிங்க தம்பி. ரெண்டு வாய் குடிங்க. பங்கு வாங்குன ஒடம்பு காயக் கூடாது.”

நிகிலன் சிரமப்பட்டு நிமிர்ந்தான். அவன் மணிக்கட்டில் பங்குவளை பச்சையாக மினுக்கியது. மிருதுளாவின் கையிலும் அதே வளை, அதே பச்சை.

ஈரோட்டுக்குப் பங்குவளை வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. புற்றுக்குக் கொடுக்கும் கீமோ மருந்து என்னவோ பழைய மருந்துதான். புற்றை அழிக்கிற கையோடு குமட்டலையும், வாயில் இரும்புச் சுவையையும், பாதத்தில் ஊசிக் குத்தலையும், எழுந்து தண்ணீர் எடுக்கக்கூட முடியாத அசதியையும் அது கொடுத்தது. ஆனால் அந்த அவஸ்தை எல்லாம் கடைசியில் நரம்பு வழியே மூளைக்குப் போகிற செய்திதானே என்று யோசித்த சிலர், அந்தச் செய்தியை இரண்டாகப் பிரித்து இரண்டு உடம்புகளுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். மருந்து ஒருத்தியின் ரத்தத்தில் மட்டுமே ஓடும். அவஸ்தையில் பாதி, ஜோடி வளை போட்டவருக்குப் போகும். முழுக் குமட்டலில் துவண்டு கிடந்த பெண்கள் பாதிக் குமட்டலில் எழுந்து ரசஞ்சாதம் சாப்பிட்டார்கள். பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவர்கள் முழுசாக முடித்தார்கள்.

எந்த அளவுக்குப் பங்கு போகிறது என்பதை வளை ஓர் எண்ணாகக் காட்டியது. அதை இணைவெண் என்றார்கள். கொடுக்கிறவள் மனம் நம்பி விட வேண்டும், வாங்குகிறவர் மனம் ஏற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் எண் ஏறும். நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போனால் வளை வேலை செய்யாது. ஊர் சும்மா இருக்குமா? பெண் பார்க்க வந்த இடத்தில், ஜாதகம் பார்த்த பிறகு, வளையையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாமே என்று கேட்கிற குடும்பங்கள் வந்துவிட்டன. மனைவிக்குப் பங்கு வாங்காத புருஷன் பேர் கல்யாண மண்டபத்துப் பந்தியில் அடிபட்டது. வாங்கியவனுக்கோ முன்வரிசை நாற்காலி.

“என்ற வீட்டுக்காரருகிட்ட என்ற மூட்டுவலிய பங்கு குடுத்தன்னு வெய்யி,” என்றாள் கோகிலாக்கா, “வளைய ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டி உட்டுட்டுச் சீட்டு வெளையாடப் போயிருவாரு. இதுல பங்கு வாங்கறவனுக்குப் பேரு வேற பாரு, பங்காளியாம். புருஷன் எப்படிறா பங்காளி ஆவான்? சொத்துல பாதி கேக்கறவன் பங்காளி. வாந்தியில பாதி கேக்கறவனுக்கு வேற பேரு வெக்க வேண்டாமா?”

மிருதுளா சிரித்தாள். நிகிலனும் பலவீனமாகச் சிரித்தான்.

அவளுக்குத் தன் கணவனை மறுபடி பிடிக்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். மகளும் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தாள். தங்கள் நைட்டி தைக்கும் யூனிட்டைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டு இருபது வருஷம் ஓடியிருந்தது. சண்டை இல்லை, குறை இல்லை, அவ்வளவுதான். முதல் கீமோவுக்கு இணைவெண் முப்பத்தெட்டு. இரண்டாவது கீமோவுக்குத் திரையைப் பார்த்த ஜெசிந்தா சிஸ்டர், “தொண்ணூத்தொண்ணு!” என்று சொன்னபோது மிருதுளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் உள்ளுக்குள் இவ்வளவு வைத்திருந்தாரா?

அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது. வளையில் எதிர்க்கசிவு என்று ஒன்று உண்டு. இங்கிருந்து அவஸ்தை அங்கே போகும்போது, அங்கிருந்து துளித்துளியாக ஏதாவது இங்கே கசிந்து வரும். முற்பகலில் திடீரென்று ஒரு பசி. நின்று நின்று கடுத்த குதிகால். மாங்காய் தின்ன ஆசை. மத்தியானத்தில் காரணமே இல்லாமல் ஒரு நிறைவு. மிருதுளா கண்ணை மூடிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வாள். அவருக்குப் பதினோரு மணிக்கே பசிக்குமென்று எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று, அவன் யூனிட்டுக்குப் போகிற நாட்களில் டிபனைச் சீக்கிரமே கட்டி அனுப்பினாள். கீமோ முடிந்த நாட்களில் அவன் குளியலறைக்கு ஓடிக் குமட்டும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்.”

“ச்சீ, பேசாத. போய்ப் படு.”

இப்போது கோகிலாக்கா தன் மருமகள் கதைக்குப் போயிருந்தாள். மிருதுளா இளநீரை வாயில் வைத்தாள். அப்போதுதான் அது வந்தது.

முதலில் தோளுக்குக் கீழே மெல்லிய குறுகுறுப்பு. பிறகு சின்னச் சின்ன ஊசிகள் ஒரே பக்கமாக ஓடிவருவதுபோல ஒரு கூச்சம். அதன் பின்னாலேயே வெதுவெதுப்பு, கனம், சுரந்து இறங்குகிற அந்த இழுப்பு. வலதுபக்கம் மட்டுமல்ல. இடதுபக்கமும். கோடையில் அறுத்து எடுத்துவிட்ட, தையல் தழும்பு மட்டும் மிஞ்சிய இடதுபக்கமும்.

அவள் கை தன்னால் மார்புக்குப் போனது. துணி காய்ந்திருந்தது.

மகளுக்குப் பால் கொடுத்த நாட்களுக்குப் பிறகு அவள் அதை உணர்ந்ததில்லை. ஆனால் ஒரு முறை உணர்ந்தவளுக்கு அது மறக்காது. குழந்தை அழுதால் போதும், நினைத்தால்கூடப் போதும், பால் இறங்கும்.

அவள் தலையைத் திருப்பி நிகிலனைப் பார்த்தாள். அவன் இளநீர்க் குழலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன கண்ணு, மொகம் வெளுத்துப் போச்சு?” என்றாள் கோகிலாக்கா.

“ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் படுக்கணும்.”

கோகிலாக்கா நிகிலனின் தலையில் கைவைத்து, “நல்லா இருங்க சாமி, ஊருக்கே நீங்கதான் உதாரணம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. மிருதுளாவுக்கு அன்று காலையிலிருந்தே குமட்டல் இல்லை. வயிறு அமைதியாக இருந்தது. அவள் அந்த அமைதியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாயைப் பொத்தியபடி முன்னால் குனிந்தாள்.

“ஏனுங்க... அலை வருதுங்க. பெருசா வருது.”

நிகிலன் துள்ளி எழுந்தான். “ஆமா, எனக்கும் வருது” என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்கு ஓடினான். கதவுக்குப் பின்னால் அவன் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. நீளமாக, உருக்கமாக, நடுவில் ஒரு முனகலோடு. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் தடவிக் கொடுத்தாளே, அதே சத்தம்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மிருதுளா நேராக உட்கார்ந்து மீதி இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் வரலைங்க,” என்றாள். “சும்மா சொன்னேன்.”

துண்டு அவன் கையிலேயே நின்றது.

“யாரு அது? கைக்கொழந்தக்காரி. யாரு?”

அவன் பொய் சொல்லப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். நாற்காலியில் உட்கார்ந்தான். “மொதக் கீமோ அன்னைக்குச் சாயங்காலம்...” என்று தொடங்கினான். “மிருது, செத்துருவேன்னு நெனச்சேன். நெசமா. வாய்க்குள்ள ஆணியக் கரைச்சு ஊத்துன மாதிரி. வளையக் கழட்டிட்டேன். நீ தூங்கிட்டுத்தான் இருந்த. காலைல பாத்தா உன்ற சித்தப்பா, என்ற மாமன், எல்லாரும் மாலையோட வந்து நிக்கறாங்க. பங்கு வாங்குனவன்னு. எப்படிச் சொல்றது?”

“கையில இருக்கறது?”

“பஸ் ஸ்டாண்டு பக்கத்துல விக்கறாங்க. வெறும் பச்சை லைட்டு. நெறையப் பேரு வாங்கறாங்க.”

“யாருன்னு கேட்டேன்.”

“நம்ம யூனிட்டு பூவிதா.”

மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சிஸ்டருக்குத் தெரியும்,” என்றான் அவசரமாக, அதுவே ஒரு நியாயம்போல. “பங்கு வாங்கறவங்க ஆள் மாத்திக்கலாம், அது விதியிலயே இருக்குது. நோயாளிகிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம். மனசு விட்டுப் போயிரும்னு. எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான்...”

“நான் எந்திரிச்சு வந்து உங்க முதுகத் தடவுனேன்,” என்றாள் அவள். “நிக்க முடியாம. சுவத்தப் புடிச்சுக்கிட்டு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

நிகிலன் பச்சை வளையைக் கழற்றித் துண்டுக்குள் சுருட்டினான்.

மறுநாள் காலை அவள் ஓட்டுநர் இல்லாத தானோட்டி வண்டியை வரவழைத்துத் தனியாக யூனிட்டுக்குப் போனாள். பூவிதா காதல் கல்யாணம் செய்துகொண்டவள். பிறந்த வீடு கைவிட்டுவிட்டதால், போன வருஷம் அவளுக்கு வளைகாப்பு நடத்த ஆளில்லை. மிருதுளாதான் பேக்கிங் அறையைக் கூட்டிக் கோலம் போட்டு, தையல்காரப் பெண்கள் சூழ, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டாள். அன்று பூவிதா விக்கி விக்கி அழுதது இன்னும் ஞாபகம் இருந்தது.

இப்போது அதே பேக்கிங் அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து, மடியில் குழந்தையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கன்னம் ஒட்டியிருந்தது. மிருதுளாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க்கா! நீங்க வர்றீங்கன்னு சார் சொல்லவே இல்ல. அலையாதீங்க்கா, உக்காருங்க. நேத்து உங்களுக்குக் காலைல இருந்தே கொமட்டல் இல்லீங்கல்ல? எனக்குத் தெரிஞ்சுது. நானும் ரெண்டு இட்லி சாப்ட்டேன்.”

பூவிதாவின் மெலிந்த கையில் பங்குவளை நழுவி முழங்கைப்பக்கம் போயிருந்தது. பழைய கண்ணாடி வளையலில் இரண்டு இன்னும் மிச்சமிருந்தது.

“செவ்வாக்கிழம அழுதீங்கல்லக்கா? எனக்கும் தொண்டைய அடைச்சுது. இவனத் தூக்கி வெச்சுக்கிட்டு, அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுடான்னு சொல்லிட்டே இருந்தேன்.”

குழந்தை சிணுங்கி முகத்தை அவள் மார்பில் தேய்த்தது. பூவிதா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். மிருதுளாவுக்கு மறுபடியும் அந்தக் குறுகுறுப்பு வந்தது. ஆனால் ஊசிகள் வந்த வேகத்தில் நின்றுவிட்டன. கனம் இறங்கவில்லை. குழந்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீறிட்டது.

“பால் கொறைஞ்சு போச்சுங்க்கா. மருந்து எங்கிட்ட வர்றதில்லீல்ல, அதனால பயமில்ல. ஆனா எதத் தின்னாலும் வெளிய வந்துருது. அப்பறம் எங்க ஊறும்?” அவள் புட்டிப் பாலைக் குழந்தையின் வாயில் வைத்தாள். “பரவால்லீங்க்கா. இன்னும் ஒரே ஒரு கீமோ தானே. அக்காவே வாய் தொறந்து என்னைக் கேட்டுருக்கீங்க, இதுகூடச் செய்யலைன்னா எப்படி?”

“நானா கேட்டேன்?”

“சார் சொன்னாருங்களே. ‘எனக்குக் கூடப்பொறந்தவ யாருமில்ல, பூவிதாகிட்டக் கேளுங்க, அவ வாங்கிக்குவா’ன்னு நீங்க சொன்னீங்கன்னு. அன்னைக்கு நீங்க போட்டு விட்ட வளையல் மாதிரி, இதையும் நீங்க போட்டு விட்டதா நெனச்சுக்கிட்டேன்.”

மிருதுளா நினைத்துப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. இவள் சிரித்த முகத்தோடு இருப்பாள். கடைசிக் கீமோவும் முடிந்துவிடும். முப்பத்தெட்டில் கிடந்த அந்த முதல் நாள் எப்படி இருந்தது என்று அவள் உடம்புக்குத் தெரியும். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, பங்கு கொடுக்க ஆளில்லாமல் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அன்று இரவு, இனி மருந்தே வேண்டாம், செத்தாலும் பரவாயில்லை என்று முடிவுசெய்திருந்தாள்.

“பூவிதா, நான் கேக்கலம்மா.”

“அக்கா?”

“எனக்குத் தெரியாது. நீதான்னு நேத்துத்தான் தெரியும். அவருதான்னு நெனச்சுட்டிருந்தேன்.”

புட்டி குழந்தையின் வாயிலிருந்து நழுவியதுகூடப் பூவிதாவுக்குத் தெரியவில்லை.

“அப்ப... நான் வாந்தி எடுக்கறப்ப எல்லாம், அக்காவுக்குத் தெரியும், அக்கா நம்மள நெனச்சுட்டு இருப்பாங்கன்னு...” அவள் குரல் மாறியது. “நீங்க சாரை நெனச்சுட்டு இருந்தீங்களா?”

மிருதுளா அவள் கையைப் பிடிக்கப் போனாள். பூவிதா இழுத்துக்கொண்டாள்.

“எம்புள்ளைக்குப் பால் வத்திப் போச்சுங்க. இவங்கப்பா தெனமும் சண்ட. ‘மொதலாளி வீட்டு நோவ நீ எதுக்குடி சொமக்கற’ன்னு. ‘மொதலாளி இல்ல, அது எங்கக்கா’ன்னு சொல்லி வாயடைச்சேன். யாருக்காகச் சொன்னேன் நான்? சொல்லுங்க. யாருக்காக?”

அவளே வளையை முழங்கையிலிருந்து உருவி, பாயில் வைத்தாள். வைத்த நிமிஷம் மிருதுளாவின் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்லக் கிளம்பி மேலே வந்தது. காலையிலிருந்து இருந்திருக்கிறது, பாதி பூவிதாவிடம் போனதால் தெரியவில்லை. வாயில் இரும்பு கரைந்தது. அவள் வாளியைப் பார்த்தாள். அதைத் தொட மனம் வரவில்லை. எழுந்து வெளியே போய், யூனிட்டின் பின்சுவர் ஓரமாகக் குனிந்தாள். பூவிதா எழுந்து வரவில்லை.

கடைசிக் கீமோவுக்கு நிகிலன் கூடவே வந்தான். வழி முழுக்க ஒரே பேச்சு. “இந்தத் தடவ நான் வாங்கறேன் மிருது. செத்தாலும் கழட்ட மாட்டேன். பாரு நீ.” அவன் கண்கள் வீங்கியிருந்தன. இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் சொல்வது உண்மைதான் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

ஜெசிந்தா சிஸ்டர் இருவர் கையிலும் வளையை மாட்டினாள். மிருதுளாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. திரையில் எண் ஏறத் தொடங்கி, ஏழில் நின்றது. சிஸ்டர் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். ஏழு.

“சார் நல்லாத்தான் ஏத்துக்கறார்,” என்றாள் தயங்கி. “அவர் பக்கம் முழுசாத் தொறந்திருக்கு. நீங்கதான் விட மாட்டேங்கறீங்கம்மா. கொஞ்சம் மனச இளக விடுங்க.”

“நான் புடிச்சு வெச்சுக்கல சிஸ்டர்.”

“மிருது, தயவுசெஞ்சு குடு. எனக்குக் குடு.” அவன் அவள் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

அவள் முயற்சி செய்தாள். உண்மையாகவே முயற்சி செய்தாள். கண்ணை மூடி, கல்யாணமான புதிதில் அவன் ஓட்டிய பைக்கை நினைத்தாள். மகள் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் அவன் அழுததை நினைத்தாள். அந்த அழுகை நிஜமா என்ற கேள்வி வந்தது. எண் நாலுக்கு இறங்கியது.

“பூவிதாவைக் கூப்பிட்டுப் பாக்கலாமா?” என்றாள் சிஸ்டர் மெதுவாக. “அவங்களோட உங்களுக்குத் தொண்ணூத்தொண்ணு...”

“அது பூவிதா யாரோ ஒரு அக்காகிட்ட வாங்குனது. நான் யாரோ ஒரு புருஷனுக்குக் குடுத்தது,” என்றாள் மிருதுளா. “கழட்டிருங்க. மருந்த ஏத்துங்க.”

அன்று மாலையே ஆரம்பித்துவிட்டது. ஒரு துளிகூட வேறு யாருக்கும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த பாத்திரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கிடந்தாள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்தது. வெளியே போக ஒன்றுமில்லாமல் பச்சையாகவும் மஞ்சளாகவும் போனது. பாதம் இரண்டும் கண்ணாடித் தூளில் நிற்பதுபோல் இருந்தது. நிகிலன் பாத்திரத்தை எடுத்துப் போய்க் கழுவினான், கொண்டுவந்து வைத்தான், வாயைத் துடைத்துவிட்டான், மறுபடி எடுத்துப் போனான். அவள் தடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை, பாத்திரத்தைத் தூக்கியவன் வாசல்படி தாண்டவில்லை. அந்த வாடையிலா, பட்டினி வயிற்றிலா, அவளைப் பார்த்துப் பார்த்தா தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். உருக்கமான முனகல் எதுவும் இல்லை. அசிங்கமாக, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும், மத்தியானம் வலுக்கட்டாயமாக விழுங்கிய இரண்டு வாய் மோர்ச்சாதம் தரையெல்லாம் சிதறியது. அவன் அப்படியே சரிந்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

“மிருது,” என்றான் மூச்சு வாங்க. கண்ணில் தண்ணீர். “மிருது, நெசமாவே வந்துருச்சு. வளையே இல்லாம. உன்றது எனக்கு வந்துருச்சு.”

மிருதுளா தலையணையிலிருந்து தலையை உயர்த்திப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவன் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை.

“எண் எத்தனை காட்டுது?” என்று கேட்டாள்.